தண்ணீர் ஆய்வு முடிவை ஊர்க்காரர்களிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: சுற்றுச்சூழல் அறிவியல் முதுநிலை ஆய்வுக்காகத் தர்மபுரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சியில் 40 கிணறு, போர்களில் தண்ணீர் எடுத்துப் புளோரைடும் நைட்ரேட்டும் பார்த்திருக்கிறீர்கள். முடிவை ஊரில் 20 நிமிடம் சொல்லும்படி துறையில் கேட்டிருக்கிறார்கள். எத்தனை ஸ்லைடு போடுவது, வரைபடத்தை எப்படிக் காட்டுவது, கலைச்சொற்களை என்ன செய்வது, கிராம சபையில் சொல்லலாமா, ஆகாத போருக்குச் சிவப்பு பூசலாமா என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் "யார் வீட்டுப் போர் மோசம் என்று சொல்லலாமா?" என்று சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இருப்பது ஒரே கேள்வி: எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா? அதற்குக் கிணறு கிணறாகப் பதில் வைத்திருந்தால் ஸ்லைடே இல்லாமல் பேசலாம். வைத்திருக்காவிட்டால் எத்தனை ஸ்லைடு போட்டாலும் வாய்மொழித் தேர்வை ஊருக்குள் நடத்திவிட்டு வந்ததாகத்தான் ஆகும். நிலத்தடி நீர்த் தரமும், அதன் முடிவுகளை ஊர்களில் சொல்ல மாணவர்களைத் தயார்செய்வதும் எனக்குப் பழக்கமான வேலை. மருத்துவம் என் துறை அல்ல. அந்த எல்லை வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்குப் போகும் முன் உங்கள் எண்களை நீங்களே ஒருமுறை சந்தேகப்படுங்கள். ஆய்வேட்டில் வரும் பிழையைத் திருத்திவிடலாம். ஒரு குடும்பத்திடம் "உங்கள் தண்ணீர் நல்லது" என்று தவறாகச் சொல்லிவிட்டால் அந்தச் சொல் பத்து வருடம் அங்கே நிற்கும். புளோரைடை மின்முனை வைத்து அளந்திருந்தால், மாதிரியுடன் டிசாப் கரைசலைச் சம அளவு கலந்தீர்களா என்று குறிப்பேட்டைப் பாருங்கள். தண்ணீரில் இருக்கும் அலுமினியமும் இரும்பும் புளோரைடைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதை விடுவிப்பது அந்தக் கரைசல்தான். அது இல்லாமல் அளந்தால் எண் குறைவாக வரும். செறிவு பத்து மடங்கு மாறும்போது மின்முனை காட்டும் வித்தியாசம் 54 முதல் 60 மில்லிவோல்ட்டுக்குள் இருந்ததா என்றும் பாருங்கள். மாதிரி எடுத்தது பிளாஸ்டிக் பாட்டிலா, கண்ணாடியா? புளோரைடுக்குக் கண்ணாடி ஆகாது. போரை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்தீர்களா, தொட்டியில் நின்ற தண்ணீரைப் பிடித்தீர்களா? முக்கிய அயனிகள் எல்லாவற்றையும் அளந்திருந்தால் நேர், எதிர் அயனிகளின் கூட்டு ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். பத்தைத் தாண்டுகிற மாதிரியை ஊரில் சொல்லாதீர்கள், மறுபடி எடுங்கள்.

நைட்ரேட்டில் வரும் பிழை இன்னும் எளிமையானது, அதனாலேயே கண்ணில் படாமல் போகும். சில ஆய்வகங்கள் 'நைட்ரேட்' என்ற அயனியாக எண் தரும், சில 'நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன்' என்று தரும். இரண்டுக்கும் இடையே 4.43 மடங்கு வித்தியாசம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 சொல்லும் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது நைட்ரேட்டாகக் கணக்கிட்டது. அறிக்கையில் நைட்ரஜனாக 12 என்று வந்திருந்தால் நைட்ரேட்டாக அது 53, வரம்பைத் தாண்டிவிட்டது. அந்த 12-ஐ 45-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் 'நல்ல தண்ணீர்' என்று எழுதிவிடுவார். கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கிற வீட்டில் இந்தப் பிழை நடக்கக் கூடாது.

கூடவே, அதிகம் வந்த மூன்று நான்கு இடங்களிலும், வரம்பை ஒட்டி வந்த இரண்டு மூன்று இடங்களிலும் புதிதாக மாதிரி எடுத்துத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் உங்கள் பேச்சுக்கு அது பலம். ஒத்துப்போகாவிட்டால், ஊரில் போய் நிற்கும் முன்பே தெரிந்தது நல்லதுதானே.

இப்போது கடைசி வரிக்கு வருகிறேன். தனியார் கிணற்றின் முடிவு அந்த வீட்டுக்காரருக்கு உரியது. அவருக்கு முதலில், தனியாக, எழுத்தில் போய்ச் சேர வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அப்படிப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்துபோய்க் கொடுத்துவிடுங்கள். திரையில் பெயரோடு போடாதீர்கள். "கோயிலுக்குப் பின்னால் இருக்கும் போர்" என்று சொன்னாலும் பெயர் சொன்னது போலத்தான். பொதுப் போர், கைப்பம்பு, பள்ளிக்கூடத் தொட்டி, அங்கன்வாடிக் குழாய் இவை வேறு கணக்கு. இவற்றின் எண்ணை மறைக்க யாருக்கும் உரிமை இல்லை, எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். ஆனால் ஊராட்சித் தலைவரும் செயலரும் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவரும் அதைக் கூட்டத்தில்தான் முதன்முதலாகக் கேட்கிறார்கள் என்றால், பேச்சு தண்ணீரைவிட்டு அவர்களைக் குறைசொல்லும் பேச்சாகிவிடும். முன்னதாக அவர்களிடம் சொல்லுங்கள், நகல் கொடுங்கள். சொல்லலாமா என்று அனுமதி கேட்பது போலப் பேசாமல், சொல்லப்போகிறேன் என்று தெரிவிப்பது போலப் பேசுங்கள்.

வீட்டுக்குக் கொடுக்கும் தாள் பாதி ஏ4 போதும். மேலே கிணற்றின் எண், மாதிரி எடுத்த தேதி, வீட்டார் சொன்ன ஆழம். கீழே புளோரைடு, நைட்ரேட், பார்த்திருந்தால் கடினத்தன்மை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தர வரம்பு. அதற்கும் கீழே பெரிய எழுத்தில் ஒரே வரி: "குடிக்க, சமைக்க வேண்டாம். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவலாம்." நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். செராக்ஸ் எடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்தான், சொல்லாகவும் எழுதுங்கள். 'சமைக்க' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். களி கிண்டுவதற்கும் சோறு வடிப்பதற்கும் போகும் தண்ணீரிலும் அதே புளோரைடுதான். அதையெல்லாம் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை.

எந்த எண்ணை எப்படிச் சொல்வது? புளோரைடுக்கு ஐஎஸ் 10500 ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 1 மில்லிகிராமையும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரையும் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எண் 1.5. அதுவும், வெப்பத்தையும் மக்கள் குடிக்கும் அளவையும் பார்த்து நாடுகள் தங்கள் வரம்பை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற குறிப்போடுதான் வருகிறது. வெயிலில் காட்டு வேலை பார்ப்பவர் நாலு லிட்டர் குடிப்பார். 2 மில்லிகிராம் உள்ள தண்ணீர் என்றால் குடிப்பதில் மட்டுமே ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம். எனவே 1.4 வந்த வீட்டில் "ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று சொல்லாதீர்கள். 1-க்குக் கீழே, 1 முதல் 1.5 வரை, 1.5-க்கு மேல் என்று மூன்றாகப் பிரியுங்கள். 1.45 வந்தவரையும் 1.55 வந்தவரையும் வேறு வேறாக நடத்தாதீர்கள். உங்கள் கருவியின் பிழையே அந்த அளவு இருக்கும். இருவருக்கும் "எல்லையில் இருக்கிறது, குழந்தைகளுக்கு வேறு தண்ணீர் கொடுங்கள்" என்பதே நேர்மையான பதில்.

சராசரியை மட்டும் ஊரில் சொல்லவே சொல்லாதீர்கள். சராசரி 1.2 என்றால் "நம்ம ஊர் தண்ணி பரவாயில்லை" என்று எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள்; 3 மில்லிகிராம் உள்ள வீட்டுக்காரரும் சேர்ந்து போவார். நிறம் பூசிய வரைபடமும் அதே கெடுதலைச் செய்யும். 40 புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் இடத்தைக் கணினி தானாக நிரப்பித் தரும் அந்தப் படம் ஆய்வேட்டுக்கு அழகாக இருக்கலாம். தர்மபுரிப் பக்கம் நிலம் முழுக்க நைஸ், சார்னோகைட், கிரானைட் போன்ற கடினப் பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகளில் நிற்கிறது. நூறு அடி தள்ளி இருக்கும் இரண்டு போர்களுக்கு இரண்டு வேறு வெடிப்புகள், இரண்டு வேறு எண்கள். அளக்காத வீட்டின் மேல் பச்சை பூசினால் அளந்ததாகச் சொல்கிற பொய் அது. புள்ளிகளை மட்டும் வையுங்கள், அதுவும் பொது நீர் ஆதாரங்களுக்கு மட்டும்.

கூட்டத்தில் எதை உறுதியாகச் சொல்லலாம்? இந்தப் பகுதியில் புளோரைடு பாறையிலிருந்து வருகிறது. யாரும் கொட்டியதல்ல. நிறம், மணம், சுவை கிடையாது. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்றக் கொஞ்சம் கூடத்தான் செய்யும். கொதிக்க வைப்பதைப் பொறுத்தவரை நைட்ரேட்டும் அப்படியே. கொதிக்க வைத்தால் கிருமி சாகும் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "காய்ச்சிக் குடிக்க வேண்டாம்னு காலேஜ்ல இருந்து வந்து சொன்னாங்க" என்று செய்தி பரவும். துணி வைத்து வடிகட்டினாலோ, செம்புக் குடத்தில் வைத்தாலோ, மண்பானையில் ஊற்றினாலோ குறையாது. நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், இந்தத் தண்ணீரைக் குடித்தால்தான் பல்லில் கறை விழும். விழுந்த கறை பிறகு தண்ணீரை மாற்றினாலும் தெளியாது. ஆகவே உங்கள் பேச்சின் முதல் இலக்கு எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகள். ஆனால் பிள்ளைகளை நிறுத்திப் பல்லைக் காட்டச் சொல்வதும், அந்த ஊர்ப் பிள்ளைகளின் பல்லைப் படம் எடுத்துத் திரையில் போடுவதும் வேண்டவே வேண்டாம். கறைப் பல்லால் வாய்விட்டுச் சிரிக்கத் தயங்கும் பிள்ளைகள் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

டிடிஎஸ் மீட்டரைப் பற்றிக் கேள்வி கட்டாயம் வரும். பேனா போன்ற அந்தக் கருவி மொத்த உப்பைத்தான் காட்டும், புளோரைடைக் காட்டாது. 400 காட்டும் தண்ணீரில் 2.5 புளோரைடு இருக்கலாம், 1,500 காட்டும் உப்புத் தண்ணீரில் அரைகூட இல்லாமல் போகலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. சுண்ணச்சத்து குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரில்தான் புளோரைடு கரைந்து நிற்கும். பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும் என்று ஊர் கொண்டாடுவதும் பல இடங்களில் அதே தண்ணீரைத்தான். "இவ்வளவு நல்ல தண்ணியப் போயி குறை சொல்றீங்களே" என்று ஒரு அம்மா கேட்டால், அவர் கவனித்தது சரி என்று ஒப்புக்கொண்டு அங்கிருந்தே விளக்குங்கள்.

உறுதியாகச் சொல்லக் கூடாதவையும் உண்டு. "எங்கம்மாவுக்கு முழங்கால் வலி, இதனாலதானா?" என்பது முதல் மூன்று கேள்விகளுக்குள் வந்துவிடும். லிட்டருக்கு 3 முதல் 6 மில்லிகிராம் உள்ள தண்ணீரை நெடுநாள் குடித்தால் எலும்பு பாதிக்கப்படலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. அந்த அம்மாவின் வலி அதனாலா, வயதாலா, வேலையாலா என்பதை உங்கள் பாட்டில் சொல்லாது. நானும் சொல்ல முடியாது. மருத்துவர் பார்த்து, எக்ஸ்ரே எடுத்துச் சொல்ல வேண்டியது. "தெரியாது, அரசு மருத்துவமனையில் இந்தத் தாளைக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். புளோரைடு பாதிப்புத் தடுப்புக்கென்றே 2008–09 முதல் ஒரு தேசியத் திட்டம் நடக்கிறது, எனவே அந்தத் தாள் அங்கே வீணாகாது. சுண்ணச்சத்துக் குறைந்த சாப்பாடு பாதிப்பை அதிகமாக்கும் என்பது தெரிந்ததுதான். அதனால் பால், மோர், ராகி சாப்பிடுவது நல்லது. ஆனால் ராகிக் களி சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று சொல்வது தவறு. மாட்டுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கால்நடைகளுக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை என்று வழிகாட்டிகளில் இருக்கிறது, அதற்கு மேல் இருந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். "ஆழமா வேற போர் போட்டா சரியாயிடுமா?" என்பதற்கு ஆமென்று தலையாட்டிவிடாதீர்கள். ஆழம் போகப் போகப் பாறையோடு தண்ணீர் கூடுதல் காலம் கிடக்கிறது, கடினப் பாறைப் பகுதியில் எண் ஏறிய இடங்கள் பல. உங்கள் ஒரு வார்த்தையை நம்பி ஒரு குடும்பம் கடன் வாங்கிப் போர் போடும்.

நீங்கள் அளக்காததையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கிருமி பார்க்கவில்லை என்றால் எந்தக் கிணற்றையும் 'நல்ல தண்ணீர்' என்று அழைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. "புளோரைடு அளவில் சரி, கிருமி பார்க்கவில்லை" என்பதுதான் சரியான சொல். புளோரைடுக்குப் பயந்து திறந்த கிணற்றுக்கு மாறி, அங்கே வயிற்றுப்போக்கு வாங்கிக்கொள்வது பிள்ளைகளுக்கு இன்னும் பெரிய ஆபத்து. மே மாதம் ஒருமுறை எடுத்ததென்றால் அதையும் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு எண் மாறலாம், ஏறவும் இறங்கவும் செய்யலாம்.

"சரி, வேற என்ன தண்ணி குடிக்கறது?" இதற்குப் பதில் இல்லாமல் மேடை ஏறாதீர்கள். பயத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால், இரண்டாம் வாரம் பழைய தண்ணீரையே குடிப்பார்கள், உங்கள் மேல் நம்பிக்கையும் போயிருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தப் புளோரைடுக்காகவே வந்தது. ஐந்து பேர் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லிட்டர் என்று வைத்தாலும் 15 லிட்டர் குடத்தில் மூன்று குடம். "எல்லாத்துக்கும் வேண்டாம், மூணு குடம் ஒகேனக்கல் தண்ணி தனியா எடுத்து வைங்க" என்பது செய்யக்கூடிய காரியம், நினைவிலும் நிற்கும். ஆனால் சில ஊர்களில் வரத்து குறையும்போது உள்ளூர் போர்த் தண்ணீரையும் அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றுவார்கள். அதனால் தொட்டி அடியிலும் கடைசித் தெருக் குழாயிலும் மாதிரி எடுத்துப் பார்க்காமல் இந்த யோசனையைச் சொல்லாதீர்கள். ஆர்ஓ கருவி புளோரைடைக் குறைக்கும் என்பது உண்மை. சவ்வு தேய்ந்துவிட்டால் அது சொல்லாமலே குறைப்பதை நிறுத்திவிடும் என்பதும் உண்மை. அதனால் ஆர்ஓ உள்ள வீட்டில் வெளியே வரும் தண்ணீரையும் ஒரு பாட்டில் எடுங்கள். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளியவைக்கும் நல்கொண்டா முறையை மேடையில் செய்துகாட்ட ஆசை வரும். வேண்டாம். போடவேண்டிய அளவு ஒவ்வொரு தண்ணீரின் காரத்தன்மைக்கும் ஏற்ப மாறும், தவறினால் அலுமினியம் மிஞ்சும், தினமும் யாராவது கவனிக்க வேண்டும்.

இடமும் நேரமும் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. ஊர் முழுக்கத் தயக்கமில்லாமல் வந்து உட்காரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். கோயில் மண்டபத்திலோ ஒரு தெருவின் சாவடியிலோ வைத்தால் காலனிக்காரர்கள் வரமாட்டார்கள், அல்லது வந்து வெளியே நிற்பார்கள். பள்ளிக்கூட வளாகம் பெரும்பாலும் சரியாக வரும். அப்படியும் வரத்து குறைந்தால் காலனியில் அதே பேச்சை இன்னொரு முறை வையுங்கள். குடத்தைத் தூக்குகிறவர்கள் பெண்கள். மாலை பால் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தபின், இரவுச் சமையலுக்கு முன், அந்த இடைவெளிதான் அவர்களுக்குத் தோது. சந்தை நாளும் மாரியம்மன் பண்டிகை வாரமும் வேண்டாம்.

திரையும் புரொஜெக்டரும் கரண்டை நம்பியவை. ஆறடிக்கு நாலடி ஃபிளெக்ஸ் ஒன்று போதும்: பொது நீர் ஆதாரங்களின் பெயர், எண், வரம்பு, மூன்று குடம். எழுத்து பின்வரிசைக்குத் தெரிய வேண்டும். 20 நிமிடத்தில் முதல் இரண்டு நிமிடத்திலேயே பதிலைச் சொல்லிவிடுங்கள்: எத்தனை இடம் பார்த்தோம், எத்தனை இடம் குடிக்க ஆகாது, எது ஆகும். எப்படி அளந்தோம் என்பதற்கு ஐந்து நிமிடம், பாட்டிலையும் கருவியையும் கையில் காட்டி. மீதியெல்லாம் கேள்விக்கு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டி பழக்கியிருப்பார்கள். அவர்களில் ஒருவரை அழைத்து அங்கேயே ஒரு மாதிரியைச் சோதிக்கச் செய்யுங்கள். நிறத்தைப் பொருத்திப் பார்க்கும் அந்தப் பெட்டிக்கு 1-க்கும் 1.5-க்கும் உள்ள வித்தியாசம் நுட்பமாகத் தெரியாது, ஆனால் 3 இருந்தால் தெரியும். தன் ஊர்ப் பெண் தன் கையால் பார்த்ததை ஊர் நம்பும். கலைச்சொற்களுக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. 'புளோரைடு' என்ற சொல் அந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். 'நிலத்தடி நீரின் நீர்வேதியியல் பண்புகள்' போன்ற தொடர்கள்தான் ஆளை எழுந்துபோகச் செய்யும்.

கிராம சபையில் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூடுகிறது. மார்ச் 22 உலக நீர் நாள், பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே சாலை, தெருவிளக்கு, வீட்டுமனை என்று ஆயிரம் குறைகளுக்கு நடுவே உங்களுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. விளக்கிச் சொல்வதைத் தனிக் கூட்டத்தில் முடித்துவிடுங்கள். கிராம சபையில், வரம்பைத் தாண்டிய பொதுப் போரைக் குடிநீருக்குப் பயன்படுத்துவதை நிறுத்தவும், குழாய்த் தண்ணீரை மறுசோதனை செய்யவும் தீர்மானம் கேளுங்கள். பொருளை முன்கூட்டியே நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானம் நிறைவேறினால் அதன் நகலை வாங்கி வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் அனுப்புங்கள்.

ஆகாத போருக்குச் சிவப்பு பூசும் யோசனை நல்லதே. வங்கதேசத்தில் ஆர்செனிக்குக்காக ஏறத்தாழ 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்துச் சிவப்பும் பச்சையும் பூசினார்கள். பலர் பக்கத்துப் பச்சைக் கிணற்றுக்கு மாறவும் செய்தார்கள். ஆனால் பூச்சு வெயிலில் மங்கும், பிறகு போடும் கிணறுகளுக்கு நிறமே இராது. எனவே சோதித்த வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள். பூசுவது பொதுப் போருக்கு மட்டும், ஊராட்சியின் ஒப்புதலோடு.

நீங்கள் பட்டம் வாங்கிப் போன பிறகு மறுசோதனைக்குப் பாட்டில் கொண்டுவருகிறவர் யாரிடம் போவார் என்பதை இப்போதே துறையில் பேசி முடிவுசெய்யுங்கள். தாளின் அடியில் உங்கள் சொந்த எண் வேண்டாம், துறை அலுவலக எண்ணைப் போடுங்கள். 40 கிணற்றின் பட்டியலும் வீட்டுக்காரர் பெயரும் துறையின் பூட்டிய அலமாரியில் ஒரு பிரதி இருக்கட்டும். பொது ஆதாரங்களின் பட்டியல் மட்டும் தலைமையாசிரியரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் ஒவ்வொன்று. ஒரு மாதம் கழித்து மறுபடி போய், 1.5-க்கு மேல் வந்த வீடுகளில் மட்டும், மூன்று குடம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.